மிதிவெடி: மண்ணுக்குள் மிஞ்சிய யுத்தம்

வருடப்பிறப்பு அன்று நல்லநேரம் பார்த்து ஏர் பூட்டுவது எங்கட ஊர்களில் பழைய வழக்கம். மருத்துநீர் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய்வந்து, பெரியவர்களிடம் கைவிசேடம் வாங்கி, பிறகு நாளேர். காணியின் ஒரு மூலையிலாவது மண்ணைக் கிளறிவிட்டால்தான் அந்த வருடம் தொடங்கியதாகக் கணக்கு. இங்கே ரொக்ஸ்பரோவில் சித்திரை பிறக்கும்போது சிலவேளை பனியே கரைந்து முடிந்திருக்காது. ஏரும் இல்லை, கலப்பையும் இல்லை. ஆனாலும் ஊர்க் காணியைப் பற்றிய பேச்சு எங்கட வீடுகளில் ஓய்ந்தபாடில்லை. காணி உறுதியைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிற குடும்பங்கள் எத்தனையோ. கிழக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாருடைய காணி என்று எல்லையெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தக் காணிக்குள் யார் எதைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்பது மட்டும் எந்த உறுதியிலும் எழுதியிருக்காது.

இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. மிதிவெடி எங்கிருந்து வந்தது, எங்கட மண்ணுக்குள் எப்படிப் புகுந்தது, நாங்கள் வாழுகிற கனடாவின் தலைநகரில் அதைத் தடைசெய்ய எழுதப்பட்ட ஒப்பந்தம் எதைத் தடுத்தது, எதைத் தடுக்காமல் விட்டது என்பதை எங்கட பிள்ளையளும் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

கண்ணிவெடியும் மிதிவெடியும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் கண்ணிவெடி என்ற ஒரே சொல்லைத்தான் போடும். எங்கட சனம் அப்படிச் சொல்லுவதில்லை. கண்ணிவெடி வேறு, மிதிவெடி வேறு.

1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இராணுவத் தொடரணி மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் வெடித்தது கண்ணிவெடி. 13 இராணுவத்தினர் இறந்தனர். அதைச் சாட்டாக வைத்துக் கொழும்பில் தொடங்கிய வன்செயல்தான் எங்களில் பலரை அகதியாக்கியது. வீதிக்குக் கீழே வெடிமருந்தைப் புதைத்து, தள்ளி ஒருவன் காத்திருந்து, வாகனம் வரும்போது வெடிக்க வைப்பது அந்த முறை. அங்கே வெடிக்க வைக்கிற கை ஒன்று இருக்கிறது. வருவது யார் என்று பார்க்கிற கண்ணும் இருக்கிறது.

மிதிவெடிக்குக் கையும் இல்லை, கண்ணும் இல்லை. மிதிக்கிற கால்தான் அதன் விசை. மிதித்தது சிப்பாயோ, மாடு தேடிப் போன கிழவரோ, விறகு பொறுக்கப் போன அம்மாவோ, பந்து எடுக்க ஓடின பிள்ளையோ, அதற்கு ஒன்றுதான். புதைத்தவன் செத்துப்போனாலும், சண்டை முடிந்தாலும் அது தன்பாட்டில் காத்துக்கொண்டு கிடக்கும். எங்கட சனம் இரண்டு சொல்லால் பிரித்து வைத்த இதே வித்தியாசத்தைத்தான் பிறகு உலக நாடுகள் ஒட்டாவாவில் சட்டமாக எழுதி வைத்தன. அதைப் பின்னால் பார்ப்போம்.

உலகத்தில் இது வந்த வழி

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன் படை 1942-இல் 'ஷூ-மினே 42' என்ற மிதிவெடியைக் கொண்டு வந்தது. அது ஒரு சிறிய மரப்பெட்டி. இரும்பைக் கண்டுபிடிக்கிற கருவிக்கு மரம் அகப்படாது என்பதற்காகத்தான் மரத்தில் செய்தார்கள். 1950-களில் அமெரிக்கா பிளாஸ்ரிக்கில் 'எம்-14' என்ற மிதிவெடியைச் செய்தது. உள்ளங்கைக்குள் அடங்கும், நிறை 100 கிராமளவு. அமெரிக்கச் சிப்பாய்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் 'கால்விரல் தெறிப்பான்' என்று வரும். ஆளைக் கொல்லாமல் காலை எடுப்பதே அதன் நோக்கம். இறந்தவனை விட்டுவிட்டுப் படை முன்னே போகலாம். காயப்பட்டுக் கத்துகிறவனைத் தூக்க இரண்டு பேர் வேணும், காவல் காக்க இன்னும் ஆட்கள் வேணும். இதுதான் அவர்களின் கணக்கு.

இந்தச் சின்ன வெடியை விசேட படையணிகள் விரும்பியதற்கும் காரணம் இருக்கிறது. வியட்நாம் யுத்த காலத்தில் அமெரிக்க விசேட அணிகள் ஏழெட்டுப் பேராக எதிரியின் பிரதேசத்துக்குள், லாவோஸ் காட்டுக்குள்ளும் போய்வந்தன. பத்துப் பேருக்குள் அடங்கிய அணியை நூறு பேர் துரத்தினால் என்ன செய்வது? ஓடுகிற பாதையில் பின்னுக்கு இரண்டு மிதிவெடியை வைத்துவிட்டால் துரத்துகிறவர்கள் தயங்கித் தயங்கித்தான் வருவார்கள். சில மணித்தியாலம் உயிர் தப்புவதற்காக வைத்தது அது. அணி தப்பிப் போய்விடும், வைத்த வெடி அங்கேயே கிடக்கும். யுத்தம் 1975-இல் முடிந்தது. வியட்நாமிலும் லாவோஸிலும் கம்போடியாவிலும் மண்ணுக்குள் மிஞ்சிய வெடிபொருட்களைச் சனம் இன்றைக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அதே காலத்தில் பேர் எடுத்த இன்னொன்று கிளைமோர். நோர்மன் மக்லியொட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்து, ஸ்கொட்லாந்து நாட்டுப் பெருவாளின் பெயரை வைத்தார். இது மண்ணுக்குள் புதைக்கிற வெடி அல்ல. சிறு கால்களில் நிலத்துக்கு மேலே நிற்கும். வெடித்தால் ஏறக்குறைய 700 இரும்புக் குண்டுமணிகள் ஒரே பக்கமாக விசிறி போலப் பாயும். கொரிய யுத்தத்தில் அலையலையாக வந்த சீனப் படையைக் கண்ட பிறகுதான் இப்படியொன்றைத் தேடத் தொடங்கினார்கள். அப்போது கனடாவும் 'பீனிக்ஸ்' என்ற பெயரில் இதே மாதிரி ஒன்றை உருவாக்கிப் பார்த்தது. 'எல்சி' என்று செல்லப்பெயர் வைத்த ஒரு மிதிவெடியும் கனடாவின் சொந்தத் தயாரிப்புத்தான். சமாதான நாடு என்று நாங்கள் போற்றுகிற நாட்டுக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பக்கம் இருக்கிறது.

எங்கட மண்ணில்

1987-இல் இந்தியப் படை வந்து 1990-இல் போகும்வரை நடந்த சண்டைக் காலத்தில் 'ஜொனி' என்ற பெயர் எங்கட சனத்தின் வாயில் வந்தது. இறந்துபோன ஒரு போராளியின் பெயரால் விடுதலைப் புலிகள் செய்த மிதிவெடி அது. பிறகு வந்த 'ஜொனி 95' சின்ன மரப்பெட்டி. ஜெர்மன்காரன் 1942-இல் போட்ட கணக்கையே எங்கட பொடியள் காட்டுக்குள் இருந்து போட்டார்கள். 'ரங்கன் 99' என்பது பாகிஸ்தான் மிதிவெடி ஒன்றைப் பார்த்து பிளாஸ்ரிக்கில் செய்தது.

இலங்கை இராணுவத்திடம் இருந்தவை வெளிநாட்டுச் சரக்கு. பாகிஸ்தானின் பி-4, சீனாவின் 72-ஆம் ரகம், இத்தாலியின் வி.எஸ்-50 என்று பலவகை. முகாமைச் சுற்றி, காவலரணுக்கு முன்னால், முட்கம்பி வேலிக்கு இடையில் வரிசை வரிசையாகப் புதைத்தார்கள். பி-4 வெடிக்குள் இருக்கும் மருந்து 30 கிராமளவுதான். ஒரு குதிக்காலை எடுக்க அது போதும். பிளாஸ்ரிக் உக்காது. இரும்பு மிகக் குறைவு என்பதால் கருவிக்கும் இலகுவில் அகப்படாது.

இரண்டு பக்கமும் வைத்தது என்று எழுதுவது சிலருக்குக் கசக்கும். ஆனால் வரப்பில் கால் வைக்கிற பிள்ளைக்கு அது எந்தப் பக்கத்து வெடி என்பது முக்கியமில்லை. சரித்திரம் எழுதும்போது பாதியை மறைத்தால் மற்றப் பாதியையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் விழுந்தது. அதன்பிறகு கிளாலி தொடக்கம் முகமாலை ஊடாக நாகர்கோவில் வரை குடாநாட்டின் கழுத்தை அறுத்தாற்போல ஒரு முன்னரங்கு அமைந்தது. 2008-ஆம் ஆண்டின் கடைசிவரை இரண்டு படையும் அங்கே எதிரெதிரே நின்றன. ஒருவர் வைத்ததற்கு மேல் மற்றவர் வைத்து, அரண் முன்னே போகப் புதிதாக வைத்து, பின்னே வர மறுபடியும் வைத்து, முகமாலையும் இத்தாவிலும் வேம்பொடுகேணியும் உலகத்திலேயே மிக நெருக்கமாக வெடி புதைந்த இடங்களுக்குள் ஒன்றாகிவிட்டன. தென்னையும் பனையும் தலையில்லாமல் நின்ற அந்தக் கோலத்தை ஏ-9 வீதியால் போனவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்தது. ஏப்ரலில் பாதை திறந்தது. சனம் பொறுக்கமாட்டாமல் வீடு வளவு பார்க்க ஓடிப்போனது. கூரை இருக்குதோ, கிணறு இருக்குதோ என்று பார்க்கப் போன இடத்தில் காலை இழந்தவர்கள் பலர். சண்டை நின்றுவிட்டது என்று நம்பிப் போனார்கள். மண்ணுக்குள் அது நிற்கவில்லை.

ஆழ ஊடுருவும் அணியும் கிளைமோரும்

இலங்கை இராணுவத்தின் விசேட படை 1985-இல் ஒரு சிறு தேடுதல் அணியாகத் தொடங்கியது. பிறகு அது பெருத்து, வன்னிக் காட்டுக்குள் நாட்கணக்காக மறைந்திருந்து தாக்குகிற 'ஆழ ஊடுருவும் படையணி' என்று சனத்துக்குத் தெரியவந்தது. இந்த மாதிரி அணிகளின் ஆயுதமாகப் பேசப்பட்டது கிளைமோர். வன்னியில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல் கேட்டாலே இப்போதும் வயிறு பிசையும். புலிகளும் தங்கள் பங்குக்குக் கிளைமோர் செய்தார்கள், வைத்தார்கள்.

2001 செப்டெம்பர் 26 அன்று ஒட்டுசுட்டான் பக்கத்தில் புலிகளின் மூத்த தளபதி கேணல் சங்கர் கிளைமோரில் இறந்தார். அது போராளி மீதான தாக்குதல். ஆனால் அந்த ஆயுதம் போராளியோடு நிற்கவில்லை. 2006 யூன் 15 கெப்பித்திக்கொல்லாவையில் பஸ் ஒன்று கிளைமோரில் சிக்கி 60-க்கு மேற்பட்ட சிங்களப் பொதுமக்கள் இறந்தனர். அரசாங்கம் புலிகளைக் குற்றஞ்சாட்டியது, புலிகள் மறுத்தார்கள். 2008 சனவரி 29 மடுப் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிவந்த பஸ் கிளைமோரில் சிக்கியது. பிள்ளைகள் பலர் உட்பட 15-க்கு மேற்பட்டவர்கள் இறந்தனர். புலிகள் ஆழ ஊடுருவும் அணியைக் குற்றஞ்சாட்டினர், இராணுவம் மறுத்தது. அதே வருடம் ஏப்ரல் 20 வன்னியில் வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவர் அருட்தந்தை கருணாரட்ணம் அடிகளாரும் கிளைமோரில் கொல்லப்பட்டார். அதற்கும் படைத்தரப்பு பொறுப்பெடுக்கவில்லை.

காட்டுக்குள் வருகிறவர்கள் பெயர் எழுதிவைத்துவிட்டுப் போவதில்லை. மறுப்பது இலகு. இறந்தவர்களின் வீட்டாருக்கு இன்றுவரை ஒரு பதிலும் இல்லை.

ஒட்டாவாவில் எழுதிய ஒப்பந்தம்

ரொக்ஸ்பரோவிலிருந்து ஒட்டாவா இரண்டு மணித்தியால ஓட்டம். 1996 ஒக்ரோபரில் அங்கே கூடிய மாநாட்டின் முடிவில் அப்போதைய வெளிவிவகார அமைச்சர் லொயிட் அக்ஸ்வேர்தி எழும்பி, அடுத்த வருடம் முடிவதற்குள் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டு வாருங்கள், இங்கேயே கையெழுத்திடுவோம் என்று சவால் விட்டார். இராசதந்திரிகள் பலர் திகைத்துப் போனார்கள். அதற்கு முன்னமே 1992-இல் ஆறு தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து உலக மிதிவெடித் தடை இயக்கத்தைத் தொடங்கியிருந்தன. அந்த ஆறில் ஒன்று, தாய்லாந்தில் கம்போடிய அகதி முகாம்களில் காலிழந்தவர்களுக்கு உதவப் போய் 1982-இல் உருவான பிரெஞ்சு நிறுவனம். அதன் கனடாக் கிளை இயங்குவது எங்கட மொன்றியலில்தான்.

1997 சனவரியில் இளவரசி டயானா அங்கோலாவில் வெடி அகற்றும் நிலத்தில் நடந்த படத்தை உலகமே பார்த்தது. செப்டெம்பரில் ஒஸ்லோவில் ஒப்பந்தம் நிறைவேறியது. அந்த வருடச் சமாதான நோபல் பரிசு மிதிவெடித் தடை இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் கிடைத்தது. டிசம்பர் 3, 4-இல் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. கனடா தன்னிடமிருந்த மிதிவெடிகளை அதற்கு முன்னமே அழித்து முடித்திருந்தது. 1999 மார்ச் 1 ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

ஒப்பந்தம் எதைத் தடுக்கிறது? ஒரு ஆள் அங்கே இருப்பதால், கிட்டப் போவதால், அல்லது தொடுவதால் வெடிக்கிற வெடியைத் தடுக்கிறது. எங்கட பாஷையில் மிதிவெடி. ஒருவன் பார்த்திருந்து தன் கையால் வெடிக்க வைத்தால் அது இந்தத் தடைக்குள் வராது. எங்கட பாஷையில் கண்ணிவெடி. ஆகவே கிளைமோரைத் தடக்குகிற கம்பியில் கட்டினால் தடை, கையில் பிடித்த விசையில் கட்டினால் தடையில்லை. பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது என்ற யுத்தச் சட்டம் அதற்கும் பொருந்தும்தான். ஆனால் வைத்தவன் யார் என்றே தெரியாதபோது எந்தச் சட்டத்தை எவன்மீது போடுவது? மடு பஸ்ஸுக்கும் கெப்பித்திக்கொல்லாவை பஸ்ஸுக்கும் ஒட்டாவா ஒப்பந்தம் கைகொடுக்கவில்லை. முகமாலைக்குத்தான் கைகொடுத்தது.

அதற்கும் காலம் எடுத்தது. யுத்தம் நடந்த காலமெல்லாம் இலங்கை ஒப்பந்தத்துக்கு வெளியேதான் நின்றது. 2017 டிசம்பர் 13-இல் சேர்ந்தது. 2018 யூன் 1-இல் அது இலங்கைக்குச் சட்டமானது. ஒப்பந்தம் கொடுக்கிற பத்து வருடத் தவணை 2028 யூன் 1 வரை. கையிருப்பில் இருந்த மிதிவெடிகளை இலங்கை 2021-இல் அழித்து முடித்தது. மண்ணுக்குள் இருப்பதை அழிப்பதுதான் பெரும்பாடு.

வாரியால் வாரி எடுத்த வெடிகள்

வெடி எடுப்பது என்றதும் எங்கட கண்ணில் வருவது சினிமாவில் காட்டுகிற கருவிகள். வன்னியில் கைகொடுத்தது தோட்டத்தில் குப்பை வாருகிற வாரி! பி-4 மாதிரி இரும்பு குறைந்த வெடிகளைக் கருவியால் தேடி அலுத்துப்போன இடத்தில், நோர்வே மக்கள் உதவி நிறுவனமும் வன்னித் தமிழர்களும் சேர்ந்து இந்த முறையைக் கொண்டு வந்தார்கள். வெடியின் தலையில் அமுக்கினால்தான் வெடிக்கும். ஆகவே நீளப்பிடி போட்ட பாரவாரியால் மண்ணைப் பக்கவாட்டில் மெல்ல மெல்ல வெட்டி, பிறகு மெல்லிய வாரியால் வாரினால் வெடி தன்பாட்டில் வெளியே தெரியும். எங்கட மணல் நிலத்துக்கு அது பொருந்தியது. வெளிநாட்டு நிபுணர்களும் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போனார்கள்.

பிரித்தானியாவின் ஹலோ டிரஸ்ட் 2002 முதல் வடக்கில் வேலை செய்து, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மிதிவெடிகளை எடுத்திருக்கிறது. மாக், டாஷ், ஷார்ப் என்று வேறு நிறுவனங்களும் உண்டு. இராணுவமும் எடுத்தது. வெயிலில் முகக்கவசமும் பாரமான அங்கியும் போட்டு, முழங்காலில் இருந்து சாண் சாணாக மண்ணை வாருகிறவர்களில் கனபேர் எங்கட ஊர்ப் பெண்கள். கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்களும் அவர்களுக்குள் இருக்கினம். ஒரு நாளைக்குச் சில அடி நிலம். ஒரு பிழை விட்டால் அவ்வளவுதான். எங்கட காணியை எங்களுக்குத் திருப்பித் தருகிறவர்கள் அவர்கள்தான்.

காலிழந்தவர்கள்

மிதிவெடிக் காயம் மற்றக் காயம் மாதிரியல்ல. மண்ணும், செருப்பின் துண்டும், எலும்புச் சிதறலும் தசைக்குள் மேல்நோக்கி ஏறிவிடும். கிருமி பிடிக்காமல் இருக்க வைத்தியர் காயத்துக்கு மேலேதான் வெட்டவேண்டி வரும். குதிக்கால் போன பிள்ளைக்கு முழங்கால்வரை போவது இப்படித்தான். பெரியவருக்குப் பொய்க்கால் சில வருடம் தாங்கும். வளருகிற பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருக்கால் மாற்றவேணும்.

யாழ்ப்பாணத்தில் 1987-இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்தைப் பற்றி வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். ஜெய்ப்பூர் கால் 1960-களின் கடைசியில் இராஜஸ்தானில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் சேர்ந்து செய்தது. றப்பரால் ஆன பாதம். செருப்பில்லாமல் நடக்கலாம், வயலுக்குள் இறங்கலாம், சம்மணம் போட்டு இருக்கலாம். கமம் செய்கிற சனத்துக்கு மேல்நாட்டுப் பொய்க்காலைவிட இதுதான் ஏற்றது. வன்னியில் வெண்புறா நிறுவனம் கால் செய்து கொடுத்தது. இத்தனை தடைகளுக்குள்ளும் கால் செய்து கொடுத்த கைகளையும் சரித்திரம் எழுதிவைக்க வேண்டும்.

நாங்கள் என்ன செய்யலாம்?

ஒட்டாவா ஒப்பந்தம் இன்று ஆட்டம் காண்கிறது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய பெரிய படைகள் தொடக்கத்திலிருந்தே சேரவில்லை. உக்ரெய்ன் யுத்தத்துக்குப் பிறகு 2025-இல் பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகிய ஐந்து நாடுகள் விலகுவதாக அறிவித்தல் கொடுத்தன. அதே வருடம் சனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது வெடி அகற்றும் வேலைகளும் அதற்குள் அகப்பட்டன. ரஷ்யாவுக்குப் பயந்து செய்கிறோம் என்று அந்த நாடுகள் சொல்லுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பயத்தில் புதைத்த வெடியைப் பயம் தெளிந்த பிறகு எடுக்க எத்தனை தலைமுறை செல்லும் என்பதை எங்களைக் கேட்டால் சொல்லுவோம்.

அதனால்தான் இங்கே எங்களுக்கும் வேலை இருக்கிறது. கனடா இந்த ஒப்பந்தத்தின் தாய்வீடு. எங்கட தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடம் போய், நாங்கள் மிதிவெடி நிலத்திலிருந்து வந்த சனம், கனடா இந்த ஒப்பந்தத்தைக் கைவிடக்கூடாது, வடக்கில் வெடி எடுக்கிற வேலைக்குக் கொடுக்கிற உதவியை நிறுத்தக்கூடாது என்று சொல்ல எங்களுக்கு இருக்கிற உரிமை வேறு ஆருக்கு இருக்கிறது? அதற்குப் பெரிய ஆங்கிலமோ பிரெஞ்சோ தேவையில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். இங்கே பிறந்த பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு காணி பார்க்கப் போனால், முதலில் கிராம சேவகரிடம் விசாரியுங்கோ. சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் ஒரு அடியும் எடுத்து வைக்கக்கூடாது. பலகை இல்லை என்பதால் பயமில்லை என்றும் நினைக்கக்கூடாது. ஊரார் நடக்கிற பாதையில் மட்டும் நடவுங்கோ. தெரியாத பொருளைத் தொடவேண்டாம், காலால் தட்டவேண்டாம். சந்தேகமான இடத்துக்குள் போய்விட்டதாகத் தெரிந்தால் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்று உதவிக்குக் கூப்பிடுங்கோ. காணியை விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ யோசிப்பவர்கள், அது துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்ட நிலமா என்று கேட்டு அறிந்து கொள்வது வாங்குகிறவருக்குச் செய்கிற நீதி.

முகமாலைப் பக்கம் துப்புரவான காணிகளில் சனம் மறுபடியும் குடியேறி, தென்னம்பிள்ளை வைத்துக் கச்சான் போட்டிருக்கினம். இந்த வருடப்பிறப்பில் அந்த மண்ணில் பயமில்லாமல் நாளேர் பூட்டுகிறவர்களுக்கும், தங்கட காணி எப்ப துப்புரவாகும் என்று காத்திருப்பவர்களுக்கும், மொன்றியலில் பொங்கிப் படைத்து ஊரை நினைக்கிற எல்லோருக்கும் சித்திரைப் புத்தாண்டு நல்வாழ்த்துக்கள்.